லபூர்தொனே வள்ளலா, அடிமை வணிகரா?

கேள்வி: மொரிஷியஸின் போர்ட் லூயிஸ் துறைமுகத்துக்கு எதிரே நிற்கும் லபூர்தொனேயின் சிலையைக் காட்டி, “நம்மவரை இத்தீவுக்கு அழைத்து வந்த பெருமகன்” என்பார் என் தாத்தா. கல்லூரியில் படிக்கும் என் மகளோ அவரை அடிமை வணிகர் என்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், ரோஸ் ஹில்

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு, ஆனால் தாத்தாவின் நன்றி போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக 1735-இல் வந்த மாஹே த லபூர்தொனே, போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக்க முனைந்தபோது, புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் பிற கைவினைஞர்களையும் வரவழைத்தார் என்பதில் ஐயமில்லை. அவர்களுடைய கைத்திறன் கம்பெனிக்குத் தேவைப்பட்டது, அவ்வளவுதான்; அதில் வள்ளன்மை ஏதும் இல்லை. பெருமை அந்தக் கொத்தனார்களுடையது.

உங்கள் மகள் சொல்வதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அந்த நகரம் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் முதுகின்மேல் எழுந்தது. அவர்களுக்கு மலிவான உணவாகத்தான் பிரேசில் நாட்டு மரவள்ளியை அவர் இங்கே பயிரிடச் செய்தார். (மாஹேபூரில் நாம் விரும்பி வாங்கும் மரவள்ளி பிஸ்கட்டுக்கும் மூலம் அந்தக் கிழங்குதான்.) காட்டுக்குத் தப்பியோடியவர்களை வேட்டையாட, அடிமைகள் சிலருக்கே ஆயுதம் கொடுத்து ஏவினார். நிர்வாகத் திறமை எவ்வளவு இருந்தாலும், இதற்குச் சமாதானம் சொல்ல என்னால் இயலாது.

அவர்மீது வழக்கும் நடந்தது. ஆனால் அடிமைகளின் பொருட்டன்று. 1746 செப்டம்பரில் கப்பற்படையுடன் சென்று சென்னையைப் பிடித்த அவர், 11 லட்சம் வராகன் (பொற்காசு) பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர ஒப்பந்தம் பேசினார். புதுச்சேரி கவர்னர் தூப்ளே அதை ஏற்கவில்லை. இருவருக்கும் மூண்ட பூசலை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார். ஆங்கிலேயரிடம் கையூட்டு வாங்கினார் என்ற பழியுடன் 1748-இல் பாரிஸின் பஸ்தில் சிறைக்குள் தள்ளப்பட்ட லபூர்தொனே, தாள் மறுக்கப்பட்டதால், கஞ்சியில் விறைக்க வைத்த கைக்குட்டைகளில் காப்பிக் கசடை மையாக்கித் தம் தரப்பை எழுதினார் என்பர். 1751-இல் விடுதலையானார், 1753-இல் இறந்தார். வராகன்களுக்குக் கணக்குக் கேட்ட அரசு, அடிமையாக்கப்பட்ட மனிதர்களுக்குக் கேட்கவில்லை. அன்றைய பிரெஞ்சுச் சட்டப்படி அடிமை வாணிபம் குற்றமே அன்று.

சிலையை அகற்றலாமா என்று உங்கள் மகள் அடுத்துக் கேட்கக்கூடும். வேண்டாம் என்பேன்; அந்த அடிமைகளையும் கொத்தனார்களையும் பற்றிப் பீடத்தருகே கிரியோலிலும் தமிழிலும் நாலு வரி பொறித்து வைக்க நகராட்சிக்கு அவரே ஒரு விண்ணப்பம் எழுதட்டும்.