தாத்தாவின் யானை வில்லையைப் புளி போட்டு விளக்கலாமா?

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட். 1965 போர்க் காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். அவருடைய ட்ரங்குப் பெட்டியில் தொப்பியில் குத்தும், யானை போட்ட பித்தளை வில்லை (பேட்ஜ்) ஒன்றும் ரிப்பனோடு இரண்டு பதக்கங்களும் கிடைத்தன. குடியரசு தினத்தன்று மகன் படிக்கும் பள்ளியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். புளி போட்டு விளக்கிச் சட்டையில் குத்திக்கொண்டு போகலாமா?"

முதலில் புளியைக் கீழே வையுங்கள். வில்லையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். யானையின் துதிக்கையும் நெற்றியும் மழுங்கியிருந்தால் அது பழுதல்ல, உங்கள் தாத்தா பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்த்த தேய்ப்பு. நானும் ரெக்ரூட்டாக இருந்தபோது அப்படித்தான் தேய்த்தேன், ஹவில்தாருக்குப் பயந்து! புளியும் செங்கல் பொடியும் பட்டால் மிச்சமிருக்கும் கோடுகளும் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். ரிப்பனைத் தண்ணீரில் போடவே கூடாது, சாயம் இறங்கிவிடும்.

அந்த யானை அழகுக்காக வைத்ததல்ல. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா பக்கம் அஸ்ஸாயே என்ற ஊரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ஆர்தர் வெல்லஸ்லியின் படை மராட்டியர்களோடு மோதியது. அதில் நின்று சண்டையிட்ட மெட்ராஸ் பட்டாலியன்களுக்கு யானைச் சின்னம் கௌரவமாகக் கிடைத்தது. கம்பெனிக்காரனுக்காகப் போட்ட சண்டைதானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகும் யானையை யாரும் கழற்றவில்லை. இன்றும் கேடயத்தின் மேல் யானை, அதன் பின்னால் குறுக்கே இரண்டு வாள்.

பதக்கங்களில் ஒன்று ஐந்து முனை நட்சத்திரமாக இருந்தால் சமர் சேவா ஸ்டார், வட்டமாக இருந்தால் ரக்‌ஷா மெடலாக இருக்கலாம். இரண்டும் 1965 போரையொட்டிக் கொடுத்தவை. வட்டப் பதக்கத்தின் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். பொறித்த எண்ணும் பெயரும் தட்டுப்படும். வில்லையை விட எனக்கு அதுதான் பெரிசு.

சரி, குத்திக்கொள்ளலாமா? வில்லையை வேண்டாம். அது தொப்பியில், இடது கண்ணுக்கு மேலே இருக்க வேண்டிய பொருள். அழகர் ஆற்றில் இறங்கும்போது விரதம் இருந்தவர்தானே சல்லடம் கட்டித் தண்ணீர் பீய்ச்சுகிறார்? அதே கணக்குதான் இதுவும். பட்டாளத்துக்காரர் என்று பிறர் நம்பட்டும் என்ற எண்ணத்தோடு வில்லையை அணிந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை, தெரியும். ஆனாலும் எதற்கு வம்பு? பதக்கம் வேறு. மறைந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தார் நினைவு அஞ்சலி நிகழ்ச்சிகளில் மார்பின் வலது பக்கம் அணியும் வழக்கம் உண்டு. இடது பக்கம் சம்பாதித்தவருக்கே. பள்ளி விழா அஞ்சலிக் கூட்டம் இல்லை என்பதால், நானாக இருந்தால் அங்கே அதையும் அணியமாட்டேன்.

பட்டாளத்திலிருந்து விலகும்போது கொடுத்த தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் எடுத்துக்கொண்டு மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். சர்வீஸ் விவரம் வேண்டுமென்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எப்படி எழுதுவது என்று சொல்வார்கள்.

பள்ளியில் பேசும்போது வில்லையை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து மேஜை மேல் வையுங்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும். பித்தளைதான், ஒன்றும் ஆகாது.