கடல் அசையாமல் கிடக்கும்போது கரையோரத் தண்ணீரைச் சுருக்குவது எந்த உயிரினம்?

கேள்வி இது: "கொழும்பு வெள்ளவத்தையில் காலையில் கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிறது. கொஞ்சத் தூரத்தில் ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி அசைகிறது. உள்ளே என்ன?"

இதற்கு வந்த பதில்களில் பாதி டொல்பின் என்கிறது, மீதி சுறா என்கிறது. கரையோரத்தில் சின்னதாக எது அசைந்தாலும் இந்த இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

நீங்கள் ரெயில் பாதையோரக் கற்களின் பக்கம், டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட ஒரு காலையில், வெயில் ஏறுமுன் நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தென்மேல் பருவக்காற்று அடிக்கும் மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று போவதால் கரையோரம் தட்டையாக இருக்கும். கடற்காற்று எழும்பிவிட்டால் தடயமெல்லாம் அழிந்துபோகும்.

முதலில் உயிரில்லாதவற்றைக் கழியுங்கள். காற்று தொட்ட இடம் கருமையாக, சொரசொரப்பாகத் தெரியும். ஓரம் கலைந்திருக்கும், காற்று போகும் பக்கமே நகரும். சுருக்கம் ஓரிடத்தைவிட்டு அசையாமல் நின்றால் அடியில் பாறை இருக்கிறது, நீரோட்டம் அதன்மேல் ஏறி இறங்குகிறது. இதைச் சோதிக்க, கரையிலுள்ள ஒரு கல்லையும் தூரத்தில் நிற்கும் ஒரு கப்பலையோ மிதவையையோ ஒரே கோட்டில் வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். கொழும்பின் பேரை வாவியிலும் கால்வாய்களிலும் இன்னொன்று உண்டு: ஒரே புள்ளியில் வட்டம் வட்டமாக எழும்பி, நடுவில் குமிழி உடையும். அது சேற்றிலிருந்து கிளம்பும் வாயு, மீன் அல்ல.

கொஞ்சம் இயற்பியலும் தேவை. நீர்ப்பரப்பில் எந்த அலையும் விநாடிக்கு ஏறத்தாழ 23 செ.மீ.க்குக் குறைந்த வேகத்தில் போவதில்லை. ஆகவே அதைவிட மெதுவாகச் சீராக ஊர்ந்துபோகும் உயிரினம் பின்னால் V கோடு போடாது. சட்டென்று திரும்பினாலோ வாயைத் திறந்தாலோ மட்டும் வட்டம் விழும். V தெரிகிறது என்றால் அது அந்த வேகத்தைத் தாண்டிப் போகிறது, மேற்பரப்புக்கு மிக அருகில் போகிறது. தன் உடல் பருமனைப்போல் சில மடங்கு ஆழத்தில் நீந்தும் மீன் மேலே ஒன்றும் காட்டாது. V அகலமாக இருப்பதால் பெரிய மீன் என்று முடிவு கட்டாதீர்கள். ஆழமான நீரில் அந்தக் கோணம் வாத்துக்கும் படகுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான், ஏறக்குறைய 39 பாகை. பார்க்க வேண்டியது அலையின் உயரத்தையும் V-யின் நுனியையும். உயிரினம் அந்த நுனியில் இருக்கிறது.

இனி மீன்கள். ஓரிடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல் இருந்தால் நெத்தலி, சாளை, அல்லது வேறு மீன்களின் குஞ்சுகள். அந்தத் திட்டு ஒரே உடம்புபோல் வளைந்து நகரும், இடைக்கிடை வெள்ளி மின்னும். சின்னக் கல் ஒன்றைப் பக்கத்தில் போட்டால் முழுத் திட்டும் ஒரே கணத்தில் மறைந்து, சற்றுத் தள்ளி மறுபடி எழும்பும். காற்றுத் திட்டுக்குக் கல்லால் ஒன்றும் ஆகாது. (மிருகவதை என்று யாராவது எழுத வருமுன் சொல்லிவிடுகிறேன்: கூழாங்கல், அதுவும் ஒரு தரம். தூண்டில் போடுகிறவர் பக்கத்தில் நின்றால் அதுவும் வேண்டாம்.) தூறல் கொஞ்சம் தடித்து, வாயைத் திறந்தபடி கூட்டமாக மேலே வந்து போனால் கும்பளாவாக இருக்கலாம். அந்தத் திட்டு திடீரென்று விசிறிபோல் வெடித்து, சிறுமீன்கள் எல்லாம் ஒரே திசையில் துள்ளினால், பின்னால் பாரையோ கட்டாவோ துரத்துகிறது. மேலே ஆலாக்கள் விழுந்து விழுந்து எழும்பினால் சந்தேகமே வேண்டாம்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் வாய்களிலும் களனி கடலில் விழும் முகத்துவாரத்திலும் அதிகம் ஏமாற்றுவது மணலை, திரளி வகை (தமிழ்நாட்டில் மடவை). நீர்ப்பரப்பில் மிதக்கும் பாசிப் படலத்தை உதடு நீட்டி மேய்வதால் சிறு சிறு குழிகள் விழும். பத்திருபது சின்ன V-க்கள் எல்லாம் ஒரு பக்கம் பார்த்திருக்கும். நிழல் பட்டால் கூட்டம் முழுதும் ஒரே சுழற்றலில் திரும்பும். துள்ளினால் விறைத்த கட்டைபோல் எழும்பி விலாப்பக்கமாக விழும், இரண்டு மூன்று தரம் தொடர்ந்து துள்ளும். அதைத் துரத்துவது எதுவும் இல்லாமலும் இப்படித் துள்ளும். பாலை மீன் இன்னும் பெரிது. பிளவுபட்ட வாலின் நுனி நீருக்கு மேலே எட்டிப்பார்க்க நிதானமாகப் போகும். அதைப் பார்த்துத்தான் பலர் சுறா என்று அலறுகிறார்கள். முரல் நீர்மேல் சறுக்கிக்கொண்டே ஓடும். இரவில் டோர்ச் வெளிச்சத்தை நோக்கிப் பாயும் என்பதால் இருட்டில் முழங்கால் நீரில் நிற்பவர்கள் கவனம், அலகு ஊசிபோலக் குத்தும்.

இரண்டு முக்கோண நுனிகள் தெரிந்தால் அவை எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வந்தால் முதுகுச் செட்டையும் வாலும். பக்கத்துப் பக்கத்தில் மாறி மாறியோ சேர்ந்தோ எழும்பி இறங்கினால் ஒரே திருக்கையின் இரண்டு சிறகு நுனிகள். தேங்காய் மாதிரி ஒன்று சில விநாடி மிதந்து, பிறகு நிமிடக்கணக்கில் காணாமல் போனால் ஆமை. டொல்பின் என்றால் மூச்சுச் சத்தம் கேட்கும். அது மூழ்கிய இடத்தில் வால் வீச்சு விட்டுப்போன வழவழப்பான வட்டம் சிறிது நேரம் அழியாமல் நிற்கும். அதாவது அங்கே நீங்கள் தேட வேண்டியது சுருக்கம் அல்ல, சுருக்கம் இல்லாத இடம்.

கால்வாய் வாயில் தலை மட்டும் உயர்ந்து, பின்னால் பாம்புபோல் நெளியும் கோடு தெரிந்தால் பெரும்பாலும் கபரக்கொய்யா, அதாவது நீர் உடும்பு. மெல்லிய கழுத்து மட்டும் நின்றால் பாம்புத்தாரா. ஆனால் மூக்கு ஒரு மேடு, கண்கள் இன்னொரு மேடு, இடையில் நீர், நீரோட்டத்தோடு போகாத மரக்கட்டை என்றால் நீரைவிட்டு வெளியேறுங்கள். 2022 ஜனவரியில் தெஹிவளைக் கடலில் முதலை தாக்கி ஒருவர் இறந்தார். பயமுறுத்த இதை எழுதவில்லை. முதலை சுருக்கம் போடாமலே நிற்கக்கூடியது என்பதற்காகத்தான்.

பார்க்கும் முறை: வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெள்ளவத்தையில் காலை வெயில் ஊர்ப்பக்கமிருந்து வருவதால் இது தானாகவே அமையும், ஆனால் உங்கள் நிழல் நீரில் விழாமல் நில்லுங்கள். போலரைஸ்ட் கண்ணாடி போட்டு, கிடைமட்டத்திலிருந்து 37 பாகை அளவு கீழே பார்த்தால் பளபளப்பு மிக அதிகமாக மறையும். கறுப்புக் கண்ணாடி எல்லாம் போலரைஸ்ட் அல்ல. போனின் திரையைப் பார்த்தபடி கண்ணாடியைத் திருப்பினால் பெரும்பாலான திரைகள் ஒரு கோணத்தில் கறுத்துப்போகும், போகாவிட்டால் இன்னொரு திரையிலும் பாருங்கள், அதிலும் போகாவிட்டால் காசு வீண். போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். சூம் செய்யாதீர்கள், திட்டு எப்படி நகர்கிறது என்பதுதான் வேண்டும். உயரமான இடம் தேடி தண்டவாளத்தில் ஏறி நிற்க வேண்டாம், அலைச் சத்தத்தில் ரெயில் வருவது கேட்காது.

கடைசியாக ஒரு ஆதங்கம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்பவர்கள் கடந்துபோகலாம். மீன் பெயர் தேடினால் தமிழில் கிடைப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுப் பெயர்கள். மடவை என்று வெள்ளவத்தைச் சந்தையில் கேட்டுப் பாருங்கள், விற்பவர் விழிப்பார். கும்பளாவைக் கானாங்கெளுத்தி என்று மனப்பாடம் செய்துவந்து, அந்த மீன் இங்கே இல்லை என்று எழுதுகிறவர்களும் உண்டு. கொழும்பில் ஒரே தட்டில் சிங்களப் பெயர், தமிழ்ப் பெயர், யாழ்ப்பாணத்துப் பெயர் மூன்றும் கிடக்கும். ஆகவே கடற்கரையில் மீனவரிடம் கேட்பதானால் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள். "விலாவால் விழுகிற மீன், மூன்று தரம் துள்ளியது, கால்வாய் வாயில்" என்று சொல்லுங்கள்.