பொன்முதுகும் செம்முதுகும்: ஓர் இனமா, இரண்டா?

கேள்வி: எங்கள் தென்னந்தோப்பில் பொன்முதுகு மரங்கொத்திகளை அடிக்கடி காண்கிறேன். உறவினர் திருமணத்துக்காக இலங்கை சென்றபோது யாழ்ப்பாணத்திலும் இதே பறவையைப் பார்த்தேன். ஆனால், வவுனியாவில் பார்த்ததற்கு முதுகு ஆரஞ்சு நிறம். கண்டியிலோ நல்ல சிவப்பு. இவை ஒரே இனமா? ஜவ்வாது மலையில் பிடரி வெளுத்த பொன்முதுகு மரங்கொத்தி ஒன்றையும் பார்த்தேன். அதுவும் கலப்புதானா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: யாழ்ப்பாணத்தில் இருப்பது உங்கள் தோப்புப் பறவையின் கிளையினம், கண்டியில் இருப்பது இலங்கைக்கு மட்டுமே உரிய செம்முதுகு மரங்கொத்தி. இவ்விரண்டும் தீவின் வடபகுதியில் சந்தித்து இணை சேர்கின்றன என்பதால், வவுனியாவில் நீங்கள் கண்ட ஆரஞ்சு நிறப் பறவை பெரும்பாலும் கலப்புப் பறவையே. இப்படிக் கலப்பதையே காரணமாகக் கொண்டு, சிவப்புப் பறவையைப் பொன்முதுகின் கிளையினமாக நெடுங்காலம் வைத்திருந்தார்கள். நிறம், உடல் அளவுகள், மரபணு ஆகியவற்றை ஒப்பிட்டு 2016-இல் வெளியான ஆய்வு, கலப்பு நிகழும் பகுதிக்கு வெளியே இரண்டும் தத்தம் இயல்பைக் காத்துக்கொள்கின்றன என்று காட்டி, செம்முதுகைத் தனி இனமாகக் கொள்வதை ஆதரித்தது.

வட அமெரிக்காவின் ஃப்ளிக்கர் மரங்கொத்திகளுக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. கிழக்கே இறகுத்தண்டு மஞ்சளாகவும் மேற்கே சிவப்பாகவும் உள்ள இருவகைப் பறவைகளும் இடைப்பட்ட நிலப்பரப்பில் பெருமளவில் கலப்பதால், அவற்றை 1973-இல் ஒரே இனமாக்கிவிட்டார்கள். என் கருத்தில், கலப்பு நிகழ்கிறதா என்பதைவிட, அது ஓர் எல்லைக்குள் அடங்கி நிற்கிறதா, இருபுறமும் பரவி வேறுபாட்டையே கரைத்துவிடுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. நிறத்தை மட்டும் நம்பிக் கலப்பு என்று முடிவுகட்டுவதும் சரியன்று. மரங்கொத்தி இறகின் மஞ்சளும் சிவப்பும் உணவிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமிகளைச் சார்ந்தவை. கலப்பு நிகழும் பகுதியிலிருந்து வெகுதொலைவில், கிழக்கத்திய ஃப்ளிக்கர்கள் சிலவற்றின் இறகில் சிவப்பு தோன்றியதை ஆராய்ந்தபோது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட ஒரு புதர்ச்செடியின் பழங்களைத் தின்றதே அதற்குக் காரணம் என்று தெரியவந்தது. வவுனியாப் பறவையைக் கலப்பு என்று நான் கருதுவதற்கு, அதன் நிறத்தோடு அந்த இடமும் காரணம்.

ஜவ்வாது மலையில் நீங்கள் கண்டது கலப்பன்று. அது வெண்பிடரி மரங்கொத்தி. பார்வைக்கு உங்கள் தோப்புப் பறவையைப் போலவே இருந்தாலும் அதன் பேரினமே வேறு. மரபணு ஆய்வுகளும் இவற்றை நெருங்கிய உறவாகக் காட்டவில்லை. அடுத்த முறை பெண் பறவையின் உச்சந்தலையைக் கவனியுங்கள்: வெண்பிடரிக்கு அது மஞ்சளாக இருக்கும், பொன்முதுகுக்கு முன்புறம் வெள்ளைப் புள்ளியிட்ட கருப்பாகவும் பின்புறக் கொண்டை சிவப்பாகவும் இருக்கும்.