எலக்ட்ரோ-பாப் ஆல்பத்துக்கு யார் போட்ட மார்க்கை நம்புவது? கேள்வி பதில்

லேடி காகாவின் 'மேஹெம்', சார்லி எக்ஸ்சிஎக்ஸின் 'ப்ராட்' இரண்டையும் வைத்து பெங்களூரு தமிழ் ரசிகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சவுண்ட் மிக்ஸிங் தெரிந்த நம் உறுப்பினர் பதில் சொல்கிறார்.

அல்சூரிலிருந்து: அக்கா, விமர்சனங்களைத் திரட்டி மார்க் போடற மெட்டாக்ரிட்டிக் தளத்துல 'ப்ராட்'டுக்கு நூத்துக்கு 95, 'மேஹெம்' எண்பதுகளில்தான் நிக்குது. ஆனா முதல் வாரம் அதிகம் போனது 'மேஹெம்'தானே? எதைப் பெரிய ஆல்பம்னு சொல்றது?

இரண்டு எண்ணும் ஒரே விஷயத்தை அளக்கவில்லை. மெட்டாக்ரிட்டிக் மார்க், விமர்சகர்கள் எவ்வளவு ஒருமித்துப் பாராட்டினார்கள் என்று காட்டுகிறது. அமெரிக்க விற்பனைப் பட்டியலான பில்போர்டின் எண், ஏற்கெனவே காத்திருந்த கூட்டம் முதல் ஏழு நாளில் எவ்வளவு திரண்டது என்று காட்டுகிறது. 2024 ஜூன் 7 அன்று வந்த 'ப்ராட்' அமெரிக்காவில் 82,000 யூனிட்டோடு 3-ஆம் இடத்தில் நுழைந்தது. 2025 மார்ச் 7 அன்று வந்த 'மேஹெம்' 2,19,000 யூனிட்டோடு நேராக முதலிடம். அதில் பாதிக்கு மேல் ஆல்பத்தையே காசு கொடுத்து வாங்கியவர்கள் தந்தது.

யூனிட்டுக்கு அப்போதைய கணக்கு இப்படி: ஒரு ஆல்பம் விற்றால் 1 யூனிட். சந்தா கட்டியவர்கள் பாட்டுகளைக் கேட்டால் 1,250 தடவைக்கு 1 யூனிட், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750 தடவைக்கு 1. 'ப்ராட்'டில் 15 பாட்டு. ஒரு வினைல் இசைத்தட்டு வாங்கியவருக்கு ஈடாக, சந்தாதாரர் ஒருவர் முழு ஆல்பத்தையும் 83 தடவைக்கு மேல் ஓட்ட வேண்டும். முதல் வார எண் பழைய ரசிகர் பட்டாளத்தின் பலம். பாட்டு பரவியதா என்று தெரிய வேண்டுமானால் பத்தாவது வாரத்தைப் பாருங்கள்.

ஜெயநகரிலிருந்து: அந்த 95 எப்படி வருது? நட்சத்திரம் கொடுக்கறவங்க, மார்க்கே போடாதவங்க எல்லாரையும் எப்படிச் சேர்க்கறாங்க?

எல்லாவற்றையும் நூற்றுக்கு மாற்றுவார்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் என்றால் 80. பிட்ச்ஃபோர்க் இசை இதழ் 'ப்ராட்'டுக்குப் பத்துக்குத் தந்த 8.6 என்றால் 86. மார்க் இல்லாத விமர்சனத்தைப் படித்து, தொனியை வைத்து அங்குள்ளவர்களே ஒரு எண் போடுவார்கள். பிறகு சராசரி, சில பத்திரிகைகளுக்கு அதில் எடை கூடுதல், எதற்கு எவ்வளவு என்று வெளியே சொல்வதில்லை. இசைக்கு 81-ஐத் தொட்டாலே 'ஏகோபித்த பாராட்டு' என்ற முத்திரை விழுந்துவிடும். ஆக, 84-க்கும் 87-க்கும் உள்ள இடைவெளிக்காகச் சண்டை போடுவது வீண்.

வெளியான அன்று காலை தெரியும் மார்க்கையும் நம்பாதீர்கள். நாலைந்து விமர்சனம் வந்தாலே எண் தோன்றிவிடும், பதினைந்தாவது சேரட்டும். ரசிகர் மார்க் என்று பக்கத்தில் இருப்பது தனிக் கணக்கு. எதிர் அணி ரசிகர்கள் திரண்டு வந்து பூஜ்யம் போடுவதும், சொந்த அணி பத்து போடுவதும் அதில்தான். எண்ணை விட்டுவிட்டு, நடுத்தரமாக மார்க் போட்ட மூன்று பேர் எழுதியதை வாசியுங்கள். காரணம் அங்கேதான் கிடைக்கும்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து: இந்திராநகர் பப்புல இந்தப் பாட்டுங்களைக் கேட்டப்ப நெஞ்சு அதிர்ந்துச்சு. வீட்டுக்கு வந்து போன்ல போட்டா சப்புனு இருக்கு. ஓவரா புகழறாங்களோ?

பாட்டின் மேல் பழி போடாதீர்கள். 'தும்' என்று விழும் கிக் டிரம்மின் உயிர் 50–60 ஹெர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே வராது. பப்பில் தாழ்ந்த ஒலிக்கான சப்-ஊஃபர் ஸ்பீக்கர் கொடுத்த பாதிப் பாட்டு போனில் காணாமல் போகிறது.

இன்னொன்று, சத்த அளவு. இந்த வகை ஆல்பங்களை மாஸ்டரிங் என்ற கடைசி ஒலிச் சீரமைப்பில் −8 எல்யூஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்), அதற்கும் மேலே ஏற்றுவது வழக்கம். ஸ்பாட்டிஃபை சாதாரணமாக எல்லாப் பாட்டையும் −14-க்குக் கொண்டுவரும், அதாவது 6 டெசிபல் இறக்கிவிடும். அப்படி இறக்கியதும் சத்தத்தால் வந்த மயக்கம் போய், மிக்ஸிங் மட்டும் நிற்கும். இரண்டு ஆல்பத்தை ஒப்பிட அதுதான் நியாயமான நிலை, சத்தத்தைச் சமப்படுத்தும் அந்த அமைப்பை அணைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது: இயர்போனின் ரப்பர் முனையை ஒரு சைஸ் பெரியதாக மாற்றிப் பாருங்கள். காதில் காற்று கசிந்தால் முதலில் ஓடுவது பேஸ்தான். ஈக்வலைசரில் 60 ஹெர்ட்ஸை 3 டெசிபலுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் பாட்டு கரகரக்கும். பிறகு கிக் விழும் நொடியைக் கவனியுங்கள். சிந்த் (சிந்தசைசர் ஒலி) சட்டென்று அமுங்கி, அடுத்த கிக்குக்குள் மீண்டும் எழும். நிமிடத்துக்கு 128 துடிப்பு (பிபிஎம்) உள்ள பாட்டில் இவ்வளவும் அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் நடக்கும். சைட்செயின் கம்ப்ரஷன் என்பது இதுதான். விமர்சகர்கள் 'மூச்சு விடுகிறது' என்று எழுதும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஃப்ரேஸர் டவுனிலிருந்து: குரலெல்லாம் மெஷின் மாதிரி இருக்கே, பாடத் தெரியாதவங்களா?

இல்லை. ஆட்டோட்யூன் மென்பொருளில் சுருதி திருத்தும் வேகத்துக்கான எண்ணை 0-க்கு அருகில் வைத்தால், அதாவது உடனடியாகத் திருத்தச் சொன்னால், அந்த ரோபோ ஒலி வரும். மறைக்க நினைப்பவர்கள் எண்ணைக் கூட்டி, மெதுவாகத் திருத்த வைப்பார்கள். காதில் விழும்படி வைத்திருந்தால் அது ஒரு தேர்வு.

சிவாஜிநகரிலிருந்து: 'மேஹெம்' கடைசியில 'டை வித் எ ஸ்மைல்' எதுக்குன்னு ரசிகர்களே அடிச்சிக்கறாங்களே?

புகார் நியாயமானது. ப்ரூனோ மார்ஸோடு பாடிய அந்த மென்மையான பாட்டு 2024 ஆகஸ்டிலேயே தனியாக வந்து கிராமியும் வாங்கிவிட்டது. 'டிசீஸ்', 'அப்ரகடப்ரா' என்று இருட்டாகத் தொடங்கும் ஆல்பத்தில் அது 14-ஆவதாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வணிகக் காரணம் எளிது: ஆல்பத்தில் இருக்கும் எந்தப் பாட்டைக் கேட்டாலும் அது ஆல்பத்தின் யூனிட்டில் சேரும். 13-ஆவது பாட்டு 'பிளேட் ஆஃப் கிராஸ்' முடிந்ததும் நிறுத்திக் கேளுங்கள், முடிவு இன்னும் கனமாக இருக்கும்.

கே.ஆர். புரத்திலிருந்து ஒரு மாணவி: தமிழ்ல நானே விமர்சனம் எழுதணும். எங்கேர்ந்து தொடங்கறது?

ஷஃபிளை அணைத்து, நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள், குறிப்பு எடுக்க வேண்டாம். மறுநாள் ஹெட்போனில், இந்த முறை நிமிடமும் நொடியும் குறித்துக்கொண்டு. மூன்றாவது முறை பேருந்திலோ மெட்ரோவிலோ: இரைச்சலையும் மீறி எந்த ஹூக் (மனதில் ஒட்டும் வரி அல்லது மெட்டு) நிற்கிறது என்று தெரியும். எழுதும்போது 'அருமை', 'வேற லெவல்' என்று விட்டுவிடாமல், 2:10-இல் பேஸ் நின்று குரல் மட்டும் வருகிறது, அது ஏன் வேலை செய்கிறது என்று எழுதுங்கள். ரசிகர் சண்டையை முதலில் வாசித்துவிட்டால் உங்கள் காது அவர்களுடையதாகிவிடும். ஆகவே எழுதி முடித்த பிறகே மற்றவர்கள் எழுதியதைத் திறங்கள்.

எச்ஏஎல்-லிருந்து: 'ப்ராட்' ரீமிக்ஸ் தனி ஆல்பமா?

கேட்க அப்படித்தான், 2024 அக்டோபர் 11 அன்று வந்தது. ஆனால் பிரிட்டன் பட்டியலில் மூல ஆல்பத்தோடு சேர்த்தே எண்ணினார்கள். ஜூனில் 2-ஆம் இடத்தில் நின்ற 'ப்ராட்' அக்டோபரில் முதலிடம் ஏறியது அதனால்தான்.