கூடு போட்டும் குறையாத கிரேஃபிஷ்

கேள்வி: எங்கள் ஆற்றில் அந்நிய கிரேஃபிஷ் (சிங்கி இறால் போன்ற, கொடுக்குள்ள நன்னீர் உயிரி) பெருகிவிட்டது. மூன்று மாதமாகக் கூடு வைத்துப் பிடிக்கிறோம். பெரியவை குறைந்தன, குட்டிகளோ முன்பைவிட அதிகம். எங்கே தவறு?

பதில்: கூட்டை மட்டும் நம்பியதுதான். இரைக்கு ஆசைப்பட்டு உள்ளே வருபவை பெரும்பாலும் பெரியவை, அதிலும் ஆண்கள். முதுகு ஓட்டின் நீளம் 35 மி.மீ.க்குக் குறைந்தவை அவ்வளவாகச் சிக்காது. கிரேஃபிஷ் தன் இனத்தையே தின்னும். பெரியவற்றை எடுத்துவிட்டால் குட்டிகளுக்குக் கொண்டாட்டம். இங்கிலாந்தின் ஓடை ஒன்றில் நீரை வடித்து எண்ணியபோது, கூட்டில் அகப்படும் அளவுக்கு வளர்ந்தவை 100-க்கு 3 கூடத் தேறவில்லை.

பிரிட்டனைப் பாடாய்ப் படுத்தும் சிக்னல் கிரேஃபிஷ் வட அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களில் பண்ணை வளர்ப்புக்காகக் கொண்டுவந்தார்கள். கொடுக்கு மூட்டில் வெள்ளையோ வெளிர்நீலமோ ஒரு திட்டு, கொடுக்கின் அடியில் சிவப்பு: இதுதான் அடையாளம். இதன் பெண் இலையுதிர் காலத்தில் 200 முதல் 400 முட்டை வரை வாலடியில் ஒட்டிக்கொண்டு, வசந்தம் முடியும்வரை கரை வளையிலேயே கிடக்கும். மத்தி மீனே வைத்தாலும் வெளியே வராது.

எனவே இரையில்லாத குழாய்க்கட்டையும் சேர்த்துப் போடுங்கள். ஒருமுனை அடைத்த பிளாஸ்டிக் குழாய்களை, 20 முதல் 50 மி.மீ. விட்டம் வரை கலந்து கட்டி, கரையோரம் தரையோடு பதியுங்கள். வளை என்று நினைத்துக் குட்டிகளும் முட்டைக்காரிகளும் குடியேறும். இரண்டு வாரம் தொடாதீர்கள். தூக்கும்போது திறந்த முனை மேலே இருக்கட்டும். சாய்த்தால் எல்லாம் ஆற்றுக்கே திரும்பிவிடும்.

இரைக்கூட்டை அந்தியில் இறக்கிக் காலையில் எடுத்துவிடுங்கள். இரை தீர்ந்ததும் வந்த வழியே வெளியேறத் தெரிந்தவை இவை. சிறியதைத் திரும்ப ஆற்றில் விடவே கூடாது. அடுத்த வருஷம் அதுதான் பெரியது.

கேள்வி: கூட்டில் நீர்நாய் மாட்டுமா?

பதில்: மாட்டும், மூச்சுமுட்டிச் சாகும். இங்கிலாந்தில் கூட்டின் வாய் 95 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது இதற்காகத்தான். அங்கே முன்அனுமதியும் கட்டாயம். உங்கள் பகுதி விதியை விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கேள்வி: மருந்து ஊற்றி ஒரேயடியாக ஒழிக்க முடியாதா?

பதில்: அடைபட்ட குளத்தில் பைரெத்ரம் வகைப் பூச்சிக்கொல்லி மருந்து பலன் தந்ததுண்டு. ஓடும் ஆற்றில் மருந்து கீழே போய் நீர்ப்பூச்சிகளைத்தான் கொல்லும். கிரேஃபிஷ் கரையேறித் தப்பிக்கும்.

கேள்வி: ஒரே கூட்டை இரண்டு ஆறுகளில் பயன்படுத்தலாமா?

பதில்: அப்படியே கொண்டுபோகாதீர்கள். அமெரிக்க கிரேஃபிஷ் சுமந்து திரியும் ஒரு நுண்ணுயிரி, தாங்கும் சக்தியில்லாத ஐரோப்பிய இனத்தைக் கூண்டோடு அழித்துவிடும். அது பரவ ஈரக் காலணி ஒன்று போதும். சேற்றைத் தேய்த்துக் கழுவி, கூட்டின் வலைக்கண்ணியும் கயிற்று முடிச்சும் உள்வரை காய்ந்தபின் மேலும் 48 மணி நேரம் வையுங்கள். பலரும் கோட்டை விடுவது அந்த முடிச்சில்தான்.