கேரங்கிள்: பசுவிலும் கண்ணிலும் ஆமணக்கிலும் ஒரே பெயர்

கேள்வி: எங்கள் கலப்பினப் பசு கன்று போட்டு ஒரு நாள் ஆகிறது, நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. வந்து பார்த்த கால்நடை மருத்துவர், "கேரங்கிளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இழுத்துவிடாதீர்கள்" என்றார். போன மாதம் நான் கண் பரிசோதனை செய்தபோது சீட்டில் 'கேரங்கிள் நார்மல்' என்று எழுதியிருந்தார்கள். மகளின் தாவரவியல் புத்தகத்தில் ஆமணக்கு விதையிலும் கேரங்கிள் வருகிறது. இது கட்டியா, உறுப்பா?

பதில்: லத்தீனில் 'காரோ' என்றால் சதை, 'கருங்குலா' என்றால் சின்னச் சதை. அதிலிருந்து வந்த சொல் இது. பார்வைக்குச் சதைத்துணுக்கு போல இருந்ததை எல்லாம் பழைய உடற்கூறியலாளர்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள். செய்யும் வேலையைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. அதனால் எந்த உடம்பில், எந்த இடத்தில் என்று தெரிந்தால்தான் பொருள் பிடிபடும். நீங்கள் சொன்ன மூன்றும் இயற்கையாக இருக்க வேண்டியவையே.

முதலில் பசு. அதன் கருப்பையின் உட்சுவரில் நான்கு வரிசையாகச் சுமார் 70 முதல் 120 வரை குமிழ்கள் உண்டு. அவைதான் கேரங்கிள்கள். சினையில்லாதபோது ஒன்றரை சென்டிமீட்டர் அளவில் இருப்பவை, நிறைசினையில் காளான் குடை போல 10 சென்டிமீட்டர் வரை பருக்கும். கன்றின் பக்கத்துச் சவ்விலிருந்து வரும் மெல்லிய விரல்கள் போன்ற இழைகள், கேரங்கிளில் உள்ள குழிகளுக்குள் நுழைந்து பொருந்தியிருக்கும். ஈன்றதும் அந்தப் பிடி தளர்ந்து, இழைகள் கழன்று, கொடி விழ வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேலும் விழாவிட்டால் கொடி தங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே ஈனுதல், இரட்டைக் கன்று, கடினப் பிரசவம், கால்சியம் குறைவு, புரூசெல்லா தொற்று ஆகியவை இதற்கு வழக்கமான காரணங்கள்.

பிடி தளராமல் இழுத்தால் இழைகள் அறுந்து குழிகளுக்குள்ளேயே தங்கிவிடும். சில சமயம் கேரங்கிளே பிய்ந்து ரத்தம் கொட்டும். உள்ளே தங்கிய துணுக்கு அழுகி, கருப்பை சீழ்பிடித்து, மாடு அடுத்த சினை பிடிக்காமல் போகும். கொடியில் செங்கல் கட்டித் தொங்கவிடும் பழக்கமும் இதே கேட்டைத்தான் செய்யும், தயவுசெய்து வேண்டாம். தரையில் புரளும் பகுதியை மட்டும், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பின்னங்கால் முட்டி உயரத்தில் நறுக்கிவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். புரூசெல்லா இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும். பத்து நாளைக்குக் காலை மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 103 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ, நாற்றமடிக்கும் பழுப்பு நீர் வழிந்தாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஈன்ற பின் பெரிய சிவப்புப் பை ஒன்று வெளியே தொங்கி, அதன்மேல் குமிழ் குமிழாக இருந்தால் அது கொடி அல்ல, கருப்பையே புரண்டு வந்துவிட்டது. அந்தக் குமிழ்களைக் கட்டி என்று நினைத்துக் கிள்ளினால் ரத்தப்போக்கிலேயே மாடு போய்விடும். சுத்தமான ஈரத்துணியால் மூடி, மாட்டை நடக்கவிடாமல் வைத்து, உடனே ஆள் அனுப்புங்கள்.

ஆட்டிலும் கேரங்கிள் உண்டு, ஆனால் நடுவில் குழிந்து கிண்ணம் போலிருக்கும். குதிரைக்கும் பன்றிக்கும் கிடையாது.

உங்கள் கண்ணில் கேரங்கிள் என்பது மூக்கை ஒட்டிய மூலையில் இளஞ்சிவப்பாகத் தெரியும் சிறு சதை. கண்ணாடி முன் நின்று கீழிமையை லேசாக இழுத்தால் தெரியும். அதில் எண்ணெய்ச் சுரப்பிகளும் நுண்ணிய முடிகளும் இருக்கின்றன. காலையில் பீளை சேர்வது அந்த மூலையில்தான். 'கண்ணில் சதை வளர்கிறது' என்று சொல்லும் நோய் வேறு. அது வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் முக்கோணமாக ஏறும். கேரங்கிள் திடீரென்று பெருத்தாலோ, கறுத்தாலோ, ரத்தம் கசிந்தாலோ மட்டும் காட்ட வேண்டும்.

நோய்க்கும் இதே பெயர் வரும் இடம் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சிறுநீர்த் துவாரத்தின் ஓரத்தில் முளைக்கும் சிவப்புச் சதை அது. பெரும்பாலும் புற்று அல்ல. இருந்தாலும் அந்த வயதில் துளி ரத்தம் கண்டாலும் மருத்துவர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும்.

வான்கோழியின் தலையிலும் கழுத்திலும் உள்ள முண்டுகளும் கேரங்கிள்தான். அவை சிவப்பும் நீலமுமாக நிறம் மாறுவது இயல்பு. பொருக்குத் தட்டினால் அம்மையாக இருக்கலாம்.

மகளுக்கு ஆமணக்கை நேரிலேயே காட்டுங்கள். புள்ளி போட்ட விதையின் ஒரு நுனியில் வெண்ணிறப் பஞ்சு போன்ற புடைப்பு ஒட்டியிருக்கும். விதைத்துளை அதற்கு அடியில் மறைந்திருக்கிறது. ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தால் விதைத்தோல் கெட்டியாகவே இருக்க, அந்தப் புடைப்பு மட்டும் நீர் குடித்து உப்பிப் போயிருக்கும். இதில் கொழுப்புச் சத்து உண்டு. அதற்காக எறும்புகள் விதையை இழுத்துச் சென்று, சதையைத் தின்றுவிட்டு, விதையைப் போட்டுவிடும். செடிக்கு வேண்டியது அதுவே. பார்த்து முடித்ததும் இருவரும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஊறிய விதையையும் தண்ணீரையும் தொழுவத்துப் பக்கம் கொட்டாமல், கன்றின் வாய்க்கு எட்டாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.