விடியப்புற நடுக்கம்: சீனி கூடினதாலை இல்லை

தங்கச்சி, மாங்குளத்தில அம்மாவுக்கு விடியப்புறம் வேர்த்து நடுங்குது, சீனி கூடிட்டுதாக்கும், இன்சுலினைக் கூட்டிப் போடலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். கூட்டவே வேண்டாம்! அது பெரும்பாலும் சீனி இறங்கின அறிகுறி. இரத்தத்தில சீனி பாக்கிற மெசினில 70க்குக் (mg/dL) கீழ காட்டினால், மெசின் இல்லாட்டியும்தான், மூண்டு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுங்கோ. (சலரோகக்காரருக்குச் சீனியோ எண்டு மாமிமார் சண்டைக்கு வருவினம், விடுங்கோ.) 15 நிமிசத்தால திரும்பப் பாருங்கோ, குறைவாயே இருந்தால் இன்னொருக்கா. தெளிஞ்ச பிறகு ரெண்டு பிஸ்கற். மயங்கினால் வாயில ஒண்டும் ஊத்தாமல் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ.

இராச்சாப்பாட்டை விட்டிட்டு ஊசி போடுறவவோ? நடுங்கின நேரம், ஊசி அளவு, என்ன சாப்பிட்டவ எல்லாத்தையும் கிளினிக் கொப்பியோட கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டுங்கோ. அடுத்த கிளினிக் திகதி மட்டும் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ.